தனித் தட்டு

என் மகளின் அப்பாவுக்கு இரண்டாவதாக வாய்த்த மனைவியைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை எழுதுவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், மருந்துக்கடைக் கல்லாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்து சண்டைக்கு நின்றிருப்பேன். அப்போது எனக்கு அவர் ‘அவர்’ கூட இல்லை, ‘அவள்’தான். சில நாள் அதைவிட மோசமாகவும் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கை தானாக ‘அவர்’ என்று போடுகிறது. போட்டுவிட்டுப் போகட்டும்.

அவருக்கு வேலை போடியில், ஓர் ஏலக்காய் ஸ்டோரில். மலையிலிருந்து வந்த காய்ந்த காயைக் குவித்துப் போட்டு, பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். பச்சை மாறாத பெரிய காய் ஒரு தட்டில், நிறம் வெளுத்தது ஒரு தட்டில், வாய் வெடித்தது ஒரு தட்டில். நல்ல காயோடு வெடித்தது கொஞ்சம் கலந்துவிட்டால்கூட மூட்டைக்கே விலை இறங்கும். அவர் இருபது பெண்களுக்கு மேற்பார்வை. ஆனால் நின்றுகொண்டு அதட்டுகிற மேற்பார்வை கிடையாது. தானும் ஒரு தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண் எதிரே இருப்பவரைப் பார்க்கும், வாய் பேசும், விரல்கள் அதுபாட்டுக்குப் பிரித்துக்கொண்டே இருக்கும். யார் வந்தாலும் போனாலும் அந்தக் கை நிற்காது. யாராவது அசந்து ஒரு காயை மாற்றிப் போட்டால், திரும்பிப் பார்க்காமலே “கலக்காதீக” என்பார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்தச் சொல் அவர் வாயில் வரும்.

அந்தச் சொல் கோர்ட் வரைக்கும் வந்தது. அதற்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எனக்கும் என் மகளின் அப்பாவுக்கும் தீர்ந்துபோனபோது மகளுக்கு நாலு வயது. எப்படித் தீர்ந்தது என்பதெல்லாம் பேசிப் பேசிச் சலித்த விஷயம், விடுங்கள். பிள்ளைக்கு மாதம் இரண்டாயிரம் ஜீவனாம்சம் என்று கோர்ட் எழுதியது. மகளின் அப்பா ஜீப் ஓட்டுகிறவர். போடியிலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப். பதினைந்தாம் தேதியோ இருபதாம் தேதியோ, மனசு வந்தால் பணம் போடுவார். வராவிட்டால் நான் போன் செய்து கத்த வேண்டும். நானும் மகளும் தேனிக்குப் பக்கத்தில் பழனிசெட்டிபட்டியில் வாடகை வீட்டில் இருந்தோம். மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு.

மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில் குறை. முகாமில் இலவசமாகக் கொடுத்த மிஷின் ஒன்றைப் போட்டிருந்தாள். பிள்ளை வளர வளர, காதுக்குள் பொருந்துகிற அச்சு தளர்ந்து, சும்மா சும்மா ‘கீ’ என்று கத்தும். வகுப்பில் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். ஒன்பது வயதில் மதுரையில் காட்டியபோது டாக்டரம்மா நேரடியாகவே சொல்லிவிட்டார். நல்ல மிஷின் மாட்டி, வாரா வாரம் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டி வந்தால் இவள் மற்ற பிள்ளைகளைப் போலவே பேசுவாள், இன்னும் இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போட்டால் பிறகு எவ்வளவு செலவழித்தும் பிரயோஜனமில்லை என்றார். மிஷின் விலையைக் கேட்டதும் எனக்கே ஒரு நிமிஷம் காது அடைத்துப்போயிற்று. ஜீவனாம்சத்தை ஆறாயிரமாக உயர்த்தக் கேட்டு மனுப் போட்டேன்.

வக்கீல் ஒரு யோசனை சொன்னார். “அந்த ரெண்டாவது சம்சாரம் ஏலக்காய் ஸ்டோர்ல நல்லா சம்பாதிக்குதாம்மா. எம்புட்டுன்னு தெரிஞ்சா, வீட்டுக்கு ரெண்டு வருமானம் வருது, சேத்துக் கணக்குப் பாருங்கன்னு கேட்டுறலாம்.”

எம்புட்டு என்று துப்பறிய நானே கிளம்பினேன். புத்திசாலி என்று நினைப்பு. கல்யாண வீட்டுக்கு ஏலக்காய் வாங்க வந்தவள் மாதிரி போவது, அப்படியே வேலை செய்கிற பெண்களிடம் கூலியை விசாரிப்பது என்று திட்டம். மகளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். மேற்பார்வைக்கு இருந்த பெண்ணிடமே போய், கல்யாண வீட்டுக்கு வேண்டும், அம்பது கிராம் போடுங்கள் என்றேன்.

அந்தப் பெண் தட்டிலிருந்து கையை எடுக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கல்யாண வீட்டுக்கு அம்பது கிராம் காணுமாக்கா? பந்தியில எத்தன பேரு, நாலு பேரா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவர் என் மகளைக் காட்டினார்.

“இந்த மூக்கை எங்க வீட்டுல தினமும் பாக்குறேன்க்கா. என் மகனுக்கும் இதே மூக்குதான். நீங்க ஏலக்காய்க்கு வரல. கேக்க வந்ததக் கேளுங்க.”

அப்போதுதான் அது அவர் என்று எனக்கு விளங்கியது. அந்த நேரம் பார்த்து மகளின் மிஷின் ‘கீ’ என்றது. அது என்ன சத்தம் என்று கேட்டார். எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டினேன். மதுரை டாக்டர், விலை, இரண்டு மூன்று வருஷக் கெடு, எதையும் விடவில்லை.

“காது கொஞ்சம் மந்தம், வளந்தா சரியாயிரும்னுதான் அவரு எங்கிட்டச் சொன்னாரு” என்றார். கை பிரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில், நான் கேட்காமலே, தன் கூலி நாளைக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு தேறும் என்று சொல்லிவிட்டார். என் சம்பளத்தைவிட ஆயிரம் ரூபாய் கூட. அந்த வயிற்றெரிச்சல் வேறு. அம்பது கிராமை நிறுத்துப் பொட்டலம் கட்டி, சில்லறை குறையாமல் காசை வாங்கிக்கொண்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் என் மடியிலிருந்து ஏலக்காய் மணத்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் என் மகளின் அப்பா கொடுத்திருந்த வருமானக் காகிதத்தில் இப்படி இருந்தது. ஜீப் வேறொருவருடையது, தான் தினக்கூலி டிரைவர். மனைவிக்கு வருமானம் கிடையாது, வீட்டில் சும்மா இருக்கிறார். அவரையும் கைக்குழந்தையையும் தானே காப்பாற்ற வேண்டியிருப்பதால் இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கொடுக்க வழியில்லை. இதற்குச் சாட்சி சொல்ல அந்த மனைவியையே கூட்டி வந்திருந்தார். பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை இடுப்பில் இருந்தது. சேலை மட்டும் புதுசு.

என் மகளின் அப்பா தரப்பு வக்கீல் எழுந்து கேட்டார். “நீங்க வேலைக்கு ஏதும் போறதில்ல, வீட்டுல சும்மாதான் இருக்கீங்க. சரிதானே?”

“நான் சும்மா இருந்தா ஏலக்காய் தானாவா தரம் பிரியுது?”

கோர்ட்டில் சிரிப்பு. ஜட்ஜம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். என் மகளின் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கேட்கக் கேட்க, அந்த மனைவி எனக்குச் சொன்ன அதே கூலியை ஒரு ரூபாய் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். “எனக்குச் சோறு போடுறது நான்தான்ம்மா. அவருக்கு நான் பாரம்னு எழுதியிருந்தா அது தப்பு. அடிச்சுருங்க.”

என் வக்கீலுக்குக் கொண்டாட்டம். துள்ளி எழுந்து, ஆக இந்த வீட்டுக்கு இரண்டு வருமானம் வருகிறது, இரண்டையும் சேர்த்துத்தான் குழந்தைக்குக் கணக்கிட வேண்டும் என்று ஆரம்பித்தார். கூண்டில் நின்றவர் அவர் பக்கம் திரும்பினார்.

“அதையும் கலக்காதீகய்யா.”

“எதைம்மா?”

“என் கூலிய. அந்தப் பொண்ணு அவருக்குப் பொறந்த பொண்ணு. அவரு சம்பாத்தியத்துல அதுக்குப் பங்கு இருக்கு, அத யாரும் தடுக்கக்கூடாது. என் கூலி நான் குனிஞ்சு உக்காந்து இடுப்பு ஒடிய வாங்குறது. அதத் தொட அவருக்கும் பாத்தியம் இல்ல, அந்த அக்காவுக்கும் பாத்தியம் இல்ல. இந்தப் பய எங்க ரெண்டு பேருக்கும் பிள்ளை. பாதி அவரு பாக்கணும், பாதி நான் பாக்குறேன். அந்தப் பாதிய மட்டும் அவருக்குக் கழிச்சுக் குடுங்க. என்னையக் கழிக்காதீக, என்னையச் சேக்கவும் செய்யாதீக.”

இடுப்பில் இருந்த பிள்ளை அவர் தாலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவருடைய வலது கை, கூண்டின் கட்டைமேல் கிடந்த எதையோ பிரித்துப் பிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. பிறகு பார்த்தேன், பழைய பஸ் டிக்கெட்டைக் கிழித்த துணுக்குகள்.

விட்டுக்கொடுக்காமல் என் வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார். “அந்த ஜீப் யாரோடது?”

“அத அவரே சொல்லட்டும். என் வரவச் சொல்லத்தான் நான் வந்தேன்.”

அந்த நேரத்தில் அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது எனக்கு. இவ்வளவு சொன்னவர் இதையும் சொன்னால் என்ன? ஆனால் ஜட்ஜம்மா கண்ணாடியை இறக்கி என் மகளின் அப்பாவைப் பார்த்தார். கோர்ட்டே அவரைப் பார்த்தது. பொண்டாட்டி இப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்ற பிறகு அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. ஜீப்பில் பாதிப் பங்கு தன்னுடையதுதான் என்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

ஜட்ஜம்மாவும் கிட்டத்தட்ட கூண்டில் நின்றவர் சொன்னதையேதான் சட்டத்தின் பேச்சில் சொன்னார். பிள்ளையைப் பெற்றவர்கள்தான் பிள்ளைக்குப் பொறுப்பு, புதிதாக வந்தவர் சம்பளம் அந்தக் கணக்கில் வராது, அதே நேரம் சொந்தக் காலில் நிற்கிற மனைவியைச் சுமையாகக் காட்டிப் பிள்ளையின் பங்கைக் குறைக்கவும் முடியாது. என்னைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொன்னார். “நாளைக்கு நீங்களே மறுமணம் செய்துகொண்டால், அந்தப் புதுக் கணவர் சம்பளத்தைக் காட்டி இவர் கையை உதறிவிட்டுப் போனால் ஒப்புக்கொள்வீர்களா?” எனக்கும் என் வக்கீலுக்கும் பிடித்தமான கணக்கு அன்றோடு செத்தது. அவர்களுடைய பொய்க் கணக்கும் கூடவே செத்தது. மாதம் ஐயாயிரம் என்று தீர்ப்பு வந்தது.

தவணைக்கு மிஷின் வாங்கினேன். மாதா மாதம் மதுரைக் கடைக்குக் கட்ட வேண்டும். இரண்டு தவணை விட்டால் மிஷினைத் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். முதல் நாள் மாட்டிவிட்டபோது மகள் மருந்துக்கடை மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, “அம்மா, இது சத்தம் போடுமா?” என்றாள். அன்றைக்கு நான் போட்ட பில்லெல்லாம் தப்பு.

கோர்ட்டில் அப்படிப் பேசிவிட்டுப் போன பிறகு அவர் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. மனசு முழுக்க நல்ல எண்ணம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருநாள் தேனி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தபோது கேட்டே விட்டேன்.

“பதினோரு நாளு பேசலக்கா. வீடு நல்லா அமைதியா இருந்துச்சு. பன்னெண்டாம் நாளு அவரே வந்து, கொழம்புல உப்புக் கம்மின்னாரு. இனிமே அமைதி போச்சுன்னு நெனைச்சேன்.”

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக்கூடாது என்று பஸ் ஏறிய பிறகு தோன்றியது. பகையை ஒழுங்காக நடத்தத் தெரியாத ஜென்மம் நான். அவருடைய தெருவில் இருந்து எங்கள் கடைக்கு மாத்திரை வாங்க வருகிற ஒரு அம்மா சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. அவர்கள் வீட்டு அலமாரியில் மூன்று டப்பா உண்டாம். ஜீப்புக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று. என் மகளின் அப்பா ஜீப்பிலிருந்து இறங்கி வந்ததும், சட்டை கழற்றுவதற்குள் மூன்றிலும் பணம் போட வைத்துவிடுவாராம் மனைவி. நாலாவதாக அவருடைய சொந்த டப்பா எங்கே இருக்கிறது என்று மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

அடுத்த வருஷம், மலைக்குப் போகிற வழியில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஜீப் சுவரில் மோதியதாகக் கேள்விப்பட்டேன். சின்ன அடிதான் என்றார்கள். எனக்குக் கவலை தவணையைப் பற்றி. ஆனால் அந்த மாதம் ஐந்தாம் தேதியே பணம் வந்துவிட்டது. அடுத்த மாதமும் ஐந்தாம் தேதி. தொடர்ந்து நாலு மாதம், ஐயாயிரம், நான் போன் செய்து கத்தாமலே வந்தது. அடிபட்டதில் மனுஷன் திருந்திவிட்டான் போலிருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை மெச்சினேன்.

நாலு மாதம் கழித்து, கையில் கம்பு ஊன்றிக்கொண்டு மகளின் அப்பா மருந்துக்கடைக்கே வந்தார். கால் இரண்டு இடத்தில் முறிந்து கட்டுப் போட்டிருந்ததாம். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

“நாலு மாசமாப் பணம் போட முடியல. நீயும் ஒரு போன்கூடப் பண்ணாம இருந்த. கோர்ட்டுக்குப் போயிராத. பாக்கிய ரெண்டு தடவையாக் கட்டிர்றேன்” என்றார்.

பில் மெஷினில் இருந்த என் கை அப்படியே நின்றது. நாலு மாதமும் பணம் வந்ததே என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. யார் போட்டது என்று அடுத்த நொடியே தெரிந்துவிட்டதால் விழுங்கிக்கொண்டேன். அவரவர் சொல்ல வேண்டியதை அவரவர்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கோர்ட்டிலேயே ஒருத்தர் காட்டிக் கொடுத்திருக்கிறாரே. சரி, கட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

சொன்னபடி இரண்டு தடவையாகக் கட்டினார். இரண்டாவது தடவை கட்டிய மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, இருபதாயிரத்தையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு மகளோடு போடி ஏலக்காய் ஸ்டோருக்குப் போனேன்.

அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். மகளை வாசல் பக்கம் மூட்டைகளுக்கு அருகே நிற்க வைத்துவிட்டு, போய் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“வாங்கக்கா. இன்னைக்கும் அம்பது கிராம்தானா?”

“நாலு மாசம் பணம் போட்டது நீங்கதான?”

விரல்கள் பிரித்துக்கொண்டே இருந்தன.

“அன்னைக்குக் கோர்ட்டுல என் கூலியத் தொடக்கூடாதுன்னு அந்தச் சத்தம் போட்டீக?”

“யாரும் தொடக்கூடாதுன்னுதான் சொன்னேன். நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? பங்குன்னு கேட்டா ஒத்தப் பைசா தர மாட்டேன்க்கா, இன்னைக்கும் அதேதான். நீங்க கேக்கல. அவரும் கேக்கல. அந்த மிஷினப் பிடுங்கிட்டாகன்னா பிள்ளை என்ன செய்யும்?”

அழுது தொலைத்துவிடுவேனோ என்று பயந்து, கவரை எடுத்து அவர் தட்டின் நடுவிலேயே, காய்களுக்கு மேல் வைத்தேன். அவர் பிரிக்கிற கையை நிறுத்தாமல் மறு கையால் உடனே எடுத்துத் திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை.

“அவரு பாக்கியக் கட்டிட்டாரு. பிள்ளைக்கு வர வேண்டியது வந்துருச்சு. இது உங்க கூலி. கலக்காதீக” என்றேன்.

தன் சொல் தன்னிடமே வந்து நின்றதும் என்னையும் கவரையும் பார்த்தார். எண்ணவில்லை. மடியில் செருகிக்கொண்டார். பிறகு பக்கத்துப் பெண்களுக்குக் கேட்காதபடி குனிந்து, குசுகுசுவென்று சொன்னார்.

“அக்கா, நான் போட்டத அவருகிட்டச் சொல்லிப்புடாதீக.”

“ஏன், கோவிச்சுக்குவாரா?”

“கோவிச்சா பரவாயில்லையே. சந்தோசப்படுவாரு. அப்பறம் மாசாமாசம் நானே போட்டுருவேன்னு காலை நீட்டிப் படுத்துக்கிருவாரு.”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்த மாதிரி ஒருத்தி எனக்குக் கூடப் பிறந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். சும்மா இருங்கக்கா என்று சொல்லிவிட்டு வெடித்த காய் ஒன்றை எடுத்து ஒதுக்கினார். மறு வருஷம் அவர்கள் கேரள எல்லை தாண்டி வண்டன்மேடு பக்கம் குடிபோய்விட்டார்கள். பணம் மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்தது. அந்தப் பழக்கத்தையும் யார் உண்டாக்கியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கவரைக் கொடுத்த அன்றைக்கு விடைபெற்றுக்கொண்டு மகளோடு தெருமுனை வரை வந்தேன். தேனி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறுகிற நேரம் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, அப்பாகிட்ட எதச் சொல்லக்கூடாதுன்னாக?”

நான் அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் பேசியது பக்கத்தில் இருந்தவர்களுக்கே கேட்காத பேச்சு. இவள் நின்றது வாசலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காய் சரிகிற சத்தம், இருபது பெண்களின் பேச்சு, இதற்கெல்லாம் நடுவில் அவள் காதில் அது விழுந்திருக்கிறது.

பஸ்ஸைப் போக விட்டேன். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்கே திரும்ப ஓடினேன். மூச்சு வாங்க, அவர் முன்னால் போய் நின்று, நீங்கள் குசுகுசுத்தது இவளுக்குக் கேட்டுவிட்டது என்றேன்.

அவர் என் மகளை நிமிர்ந்து பார்த்தார். அன்றுதான் அந்தக் கை நின்று பார்த்தேன்.